வடக்கு வரப்பில் உப்பு

ஓடைவிளை ரேஷன் கடையில் மாதம் ஏழாம் தேதி அரிசி, பருப்பு, பாமாயிலோடு செயற்கைக்கோள் படமும் போடுவார்கள். ஒளித்து மறைத்து எடுத்த படம் இல்லை. வானத்திலிருந்து எடுத்து உலகத்துக்கே பொதுவில் வைத்துவிட்ட படம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ரகசிய ராக்கெட் தளத்துக்கு வேலைக்குப் போன ஆள் உள்ள வீடுகளுக்கு மட்டும் அட்டைக்குப் பன்னிரண்டு தாள். சந்தனமாரிக்கும் பன்னிரண்டு தாள்.

"பாமாயிலைப் படத்துக்கு மேல வைக்காதீயன்னு எத்தனை தடவை சொல்லுதது?" என்று அவள் மாதாமாதம் கடைக்காரரிடம் கத்துவாள். போன மாசம் எண்ணெய் பட்டு, சாயல்குடிப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருக்கிற மாதிரி தெரிந்து, அதில் மூன்று நாள் வீணாகப் போயிருந்தது.

"எல்லாரும் ஒரே பையிலதாம்மா வாங்குதாங்க" என்பார் கடைக்காரர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. படத்துக்குத் தனிப் பை கொண்டுவரச் சொல்லி போர்டு எழுதிப் போட்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விடுமுறை கிடையாது. வீட்டுக்கு வந்தால் எங்கே இருக்கிறோம் என்று உளறிவிடுவார்களாம். ஆனால் வீட்டில் இருப்பவர்களே பொதுப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் உளறுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை அல்லவா? அதனால் கண்டுபிடிக்கப்பட்ட தளத்திலிருந்து ஒருவருக்குப் பதினைந்து நாள் விடுமுறை. மற்றவர்கள் தளத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போவார்கள். யாருடைய தப்பினால் தளம் வெளியே தெரிந்ததோ, அவரை நம்பிச் சுருட்டுகிற வேலையைக் கொடுக்க முடியாது என்பதால் அவருக்குத்தான் அந்த விடுமுறை. அதையும் கண்டுபிடித்தவர் வீட்டில்தான் கழிக்க வேண்டும்; மற்றவர்களுக்கு அந்தத் தளம் இன்னும் ரகசியம்தானே. நியாயமான ஏற்பாடு. ஓடைவிளையில் யாரும் குறை சொன்னதில்லை, ரேஷன் கடை வரிசையைத்தான் குறை சொன்னார்கள்.

சந்தனமாரியின் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் தளத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உப்பளத்து ஆள். கடற்கரையில் தளம் கட்டினால் மேலே உப்புப் பாத்தி போட்டுத்தான் மறைப்பார்கள். அதற்கு உப்புத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று கேட்டு, சன்னலுக்கெல்லாம் திரை போட்ட பஸ் வந்தது. இவரும் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். போகிறவர் போகட்டும் என்றுதான் அவளும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். வந்த இடத்தில் சண்டை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். முதல் நாள் அவளுடைய அக்கா வீட்டில் விருந்து. அக்கா வைத்த சாளை மீன் குழம்பை அவர் மூன்றாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். சந்தனமாரி அதை ராத்திரி முழுக்க வயிற்றில் வைத்திருந்து, பஸ் ஸ்டாப்பில் கொட்டினாள்.

"எங்க அக்காவைத்தானே பொண்ணு பாக்க வந்தீய? பத்தொம்பது வருசமாக் கேக்கணும்னு நினைக்கேன். பாக்க வந்தது அவளை, கேட்டது என்னைய. என்னத்துக்கு? அவ வேண்டாம்னுட்டாளா? மிச்சம் இருந்தது நான்னு எடுத்துக்கிட்டீயளா?"

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். பஸ் வந்துவிட்டது. திறந்த வாயோடு ஏறினார், திரையை இழுத்து மூடினார்கள், பஸ் போய்விட்டது. சண்டை பாதியில் நிற்கிறது என்றால் தொண்டையில் மீன்முள் நிற்கிற மாதிரிதான். சோறு இறங்கும், ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் அது இருப்பது தெரியும். அவர் சம்பாதித்துக் கொண்டுவர வேண்டாம், ஊரே மெச்சுகிற மாதிரி வர வேண்டாம். வந்து அந்த ஒரு பதிலைச் சொன்னால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

அதற்காகத்தான் தினமும் உப்பளத்து வேலை முடிந்து வந்ததும் அடுப்படித் தரையில் பன்னிரண்டு தாளையும் விரிப்பாள். தாள் முழுக்கப் பொடிப்பொடியாகக் கட்டங்கள். ஒரு கட்டம் என்றால் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதில் ஆள் நின்றால் தெரியாது, மாடு நின்றாலும் தெரியாது. ரேஷனில் பூதக்கண்ணாடி கொடுப்பதில்லை. அவள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். அடுத்த தெரு விசாலாட்சி, தன் மகனைத் தேடுகிறவள், சாலைகளைப் பார்ப்பாள். எங்கேயும் போகாத சாலை, வளைவே இல்லாமல் அகலமாகப் போய்க் காட்டுக்குள் சட்டென்று நின்றால் அங்கே நீளமான லாரி திரும்புகிறது என்று கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் சந்தனமாரிக்குச் சாலை தெரியாது, உப்புத்தான் தெரியும். அவள் பாத்திகளை மட்டும் பார்த்தாள்.

போன கார்த்திகையில் ஒன்று மாட்டியது. அடை மழைக் காலம். கடற்கரை நெடுக அத்தனை உப்பளமும் முங்கி, சேற்று நிறத்தில் கிடந்தது. நடுவில் நாலு பாத்தி மட்டும் வெள்ளை வெளேர் என்று சலவை வேட்டி மாதிரி இருந்தது. ஐப்பசிப் படத்தை எடுத்துப் பார்த்தாள், வெள்ளை. புரட்டாசி, வெள்ளை. "ஆத்தாடி, எந்த ஊருல மழையில உப்பு விளையுது!" என்று எழுந்து நின்று கத்தினாள். மறுநாளே தாலுகா ஆபீசில் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் வருகிற நாளில் சாளை வாங்கிக் குழம்பு வைத்தாள். அக்காவைவிட நன்றாக வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வைத்தாள்.

மூன்றாம் நாள் திரை போட்ட பஸ் வந்தது. இறங்கியது சுயம்புலிங்கம் இல்லை. ஒல்லியாக, நெற்றியில் விபூதியோடு, கையில் விடுமுறை உத்தரவோடு ஒருவர்.

"பத்து, ஒம்பது, எட்டு" என்று ஆரம்பித்து ஒன்று, சுழி வரைக்கும் எண்ணிவிட்டு, "வணக்கமுங்க. சென்னியப்பனுங்க. பவானிப் பக்கமுங்க" என்றார்.

தளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான். எண்ணாமல் எதையும் தொடங்கக் கூடாது என்று பழக்கிவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் கேட்க மூன்றிலிருந்து எண்ணினால் போதும். கொஞ்சம் கனமான பேச்சு என்றால் பத்திலிருந்து. எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சந்தனமாரி குறுக்கே பேசாமல் இருந்து பழகியவள் இல்லை. முதல் நாள் அவருக்கு ரசம் கேட்டு வாங்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உத்தரவைக் கதவில் ஒட்டியிருந்ததால் ஊர் வாயைத் திறக்கவில்லை. சென்னியப்பன் வாசல் அறையில் நைலான் கட்டிலில் படுத்துக்கொண்டார். அவளுக்குத்தான் ஆறவில்லை.

"மழையில உப்புப் பாத்தி வெள்ளையா இருக்குமாய்யா? ஒரு அறிவு வேண்டாமா?"

அவர் பத்திலிருந்து எண்ணினார். "உப்பு வெள்ளைதானுங்களே அம்மணி. நானு மஞ்ச வெளையற காட்டு ஆளுங்க. உப்பைப் பாக்கெட்டுல பார்த்ததுதானுங்க. பெயிண்டு அடிச்சு உட்டனுங்க."

"பெயிண்டா!"

"ரெண்டு கோட்டுங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட பிறகுதான் பார்த்தாள், அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் வீட்டில் ஒருத்தி தாளை விரித்து வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருப்பாள் அல்லவா. அவளுக்குக் கிடைக்க வேண்டிய பதினைந்து நாள் இங்கே கரைந்துகொண்டிருந்தது. சந்தனமாரிக்கு மனசு கேட்கவில்லை. சாளைக் குழம்பை அவருக்கே ஊற்றினாள். அவர் மீன் சாப்பிடுவதில்லை. பிறகு ரசமே வைத்தாள்.

பதினாலாம் நாள் அவர் இருபதிலிருந்து எண்ணினார். பெரிய விஷயம் என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க தளத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்துச்சுங்க. இன்னொரு தளத்துல உப்புத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காராமுங்க. மழைக்குச் சேத்து நிறம், தையில பாத்தி மிதிச்ச தடம், மாசியில தண்ணி லேசாச் சிவக்குறது, எல்லாம் மாசம் தவறாம அப்படியே வெக்கறாராமுங்க. மேல இருந்து யாரு பார்த்தாலும் நிஜப் பாத்தியாட்டவே இருக்குமாமுங்க. எல்லாத்தளமும் அவரைப் பார்த்துக் கத்துக்கோணும்னு போட்டிருந்துதுங்க."

சந்தனமாரிக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்து எதை முதலில் படுவது என்று தெரியவில்லை. அவரேதான். வேறு யார்? அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

"ஒரு தப்புச் செய்யத் தெரியுதா அந்த மனுசனுக்கு? வீட்டுல இருந்தப்ப நாளுக்கு நாலு செய்வாக. துண்டை ஈரத்தோட மடிச்சு வைப்பாக. அங்க போயித் திருந்துதாகளாம்!" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். சென்னியப்பன் மூன்றிலிருந்து எண்ணித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அவருடைய பஸ் வந்தது.

அதன்பிறகு தையும் மாசியும் பங்குனியும் போயின. கடற்கரையில் எத்தனை ஆயிரம் பாத்தி! எல்லாம் சேறாக வேண்டிய நேரத்தில் சேறாகவும், வெள்ளையாக வேண்டிய நேரத்தில் வெள்ளையாகவும் இருந்தன. டம்ளர் வழியாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் முகமே வளைந்து தெரிய ஆரம்பித்தது. விசாலாட்சி மகனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் பதினைந்து நாள் வந்து இருந்துவிட்டும் போய்விட்டான். சந்தனமாரி போய்ப் பார்க்கவில்லை. பொறாமைதான், அதை அவள் மறைக்கவும் இல்லை.

வைகாசிப் படத்தில், எட்டாவது தாளில், டம்ளர் ஒரு இடத்தில் நின்றது.

உப்பு வாருகிறவர்கள் எல்லோரும் வாரியதைத் தெற்கு வரப்பில்தான் குவிப்பார்கள். வலது கையில் பலகையைப் பிடித்தால் அங்கேதான் வந்து சேரும். மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு பாத்தியின் தெற்கு ஓரத்திலும் வெள்ளை நூல் ஓடும். எட்டாவது தாளில் ஒரே ஒரு பாத்திக்கு நூல் வடக்கு ஓரத்தில் ஓடியது. சித்திரைப் படத்தை இழுத்துப் பார்த்தாள். அதில் அதே பாத்திக்கு நூல் தெற்கில் இருந்தது. பங்குனியிலும் தெற்கு. இரண்டு வருஷத்துப் படத்தையும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தாள். எல்லாம் தெற்கு. இந்த வைகாசியில் மட்டும் வடக்கு.

சுயம்புலிங்கம் இடக்கைக்காரர். இரண்டு வருஷமாக வலது கையால் வாரியிருக்கிறார். இப்போது கையை மாற்றிவிட்டார். அவள் டம்ளர் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

தாலுகா ஆபீசில் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: தளம் தெரிந்ததற்குக் காரணமான தவறு. அவள் 'இடது கையால் வாரியது' என்று எழுதினாள். குமாஸ்தா படத்தையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உலகத்துல இடக்கைக்காரர் இவர் ஒருத்தர்தானாம்மா?"

"எனக்கு ஒருத்தர்தான்."

அவர் முத்திரை குத்தினார்.

மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து சுயம்புலிங்கம் இறங்கினார். தலை நரைத்திருந்தது. ஐந்திலிருந்து எண்ணிவிட்டு, "நல்லா இருக்கியாளா?" என்றார்.

"கையை ஏன் மாத்துனீய?" என்றாள் அவள்.

ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. "வலது தோளு வலிச்சுது."

"பொய்யி."

அவர் அதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றாலும் எண்ண வேண்டுமே. அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், எதிரில் உட்கார்ந்தாள். சோறு கூடப் போடவில்லை. "பஸ் ஸ்டாப்புல கேட்டேன்லா. பாக்க வந்தது அக்காவை, கேட்டது என்னைய. என்னத்துக்கு? சொல்லுங்க. சொல்லிட்டுச் சாப்பிடலாம்."

சுயம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடி மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு, "பன்னெண்டு லட்சத்து எழுபத்தஞ்சாயிரத்து முந்நூறு" என்றார். "பன்னெண்டு லட்சத்து எழுபத்தஞ்சாயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தொம்பது."

அவள் குறுக்கே பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் எழுந்து, சுவர்க் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தாள். நொடிக்கு ஒன்று என்றால் பதினாலு நாள், பதினெட்டு மணி, பதினைந்து நிமிஷம். பதினைந்தாம் நாள் காலை பஸ் வருவதற்கு முன்னால் முடிந்துவிடும். இவ்வளவு கனமான பதிலா என்று காலண்டரைத் திருப்பி அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அவர் எண்ணிக்கொண்டே சாப்பிட்டார், எண்ணிக்கொண்டே குளித்தார், எண்ணிக்கொண்டே தூங்கினார். துண்டை ஈரத்தோடு மடித்து வைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் மிக்சி போடுவதை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் மைக்செட்டைத் திருப்பி வைத்தார்கள். பதினொன்றாம் நாள் தெற்கே காற்று பலமாக அடித்தது. அவர் மூன்று லட்சத்துச் சொச்சத்தில் எண்ணுவதை நிறுத்தி, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். காற்று அடங்க ஆறு மணி நேரம் ஆயிற்று. காற்றுக்காக நிறுத்தினால் கணக்குக் கெடாது; விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

சந்தனமாரி காலண்டரில் ஆறு மணி நேரத்தைக் கூட்டினாள். பதினைந்தாம் நாள் பஸ் காலை பத்து மணிக்கு வரும். சுழி மதியம் இரண்டு மணிக்கு மேலேதான் விழும். நாலு மணி நேரம் இடித்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

பதினைந்தாம் நாள் பஸ் சரியாக வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். சந்தனமாரி ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அடிக்காதீய! எண்ணிக்கை ஓடுது."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "எவ்வளவுல இருக்கு?"

"பதினஞ்சாயிரத்துக்குக் கிட்ட."

அவர் உடனே என்ஜினை அணைத்தார். இருபதாயிரத்துக்குக் கீழே வந்த ஆளை அசைக்கக் கூடாது, அது எல்லா டிரைவருக்கும் தெரியும். விடுமுறை முடிந்து தளங்களுக்குத் திரும்புகிற இருபத்திரண்டு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அத்தனை பேருக்கும் அவள் சோறு வடித்தாள். அரிசி களைகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று துணி போட்டுக் களைந்தாள்.

ஒன்றரை மணிக்கு சுயம்புலிங்கத்தைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார்கள். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில் நின்றார். ஊர் மொட்டை மாடிகளில் ஏறியிருந்தது. கடைசிப் பத்து எண்களை எல்லோரும் சேர்ந்து உதட்டசைவில் எண்ணினார்கள். சந்தனமாரி இருபதடி தள்ளி நின்றாள். அதற்குமேல் கிட்டே விடவில்லை.

சுழி. அவர் வாயைத் திறந்தார். முதலில் வெளிச்சம் வந்தது, அப்புறம் புகை, அதற்கப்புறம்தான் சத்தம். பதில் அவருடைய வாயிலிருந்து நேராக மேலே கிளம்பி, தென்னை உயரம் வரை மெல்லப் போய், பிறகு வேகம் பிடித்து, தென்கிழக்கே கடலுக்கு மேல் வளைந்து, ஒரு புள்ளியாகி மறைந்தது. முருங்கை இலை பாதி கருகிவிட்டது. மாடிகளில் கைதட்டினார்கள். என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

"எனக்குச் சொல்லச் சொன்னா மேல அனுப்பிட்டீயே!" என்று அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ரெண்டு வருசம்! கண்ணு போச்சு எனக்கு! இங்க நிக்கேன், இருபதடியில நிக்கேன்!"

டிரைவர் மணியைப் பார்த்தார். சுயம்புலிங்கம் அவள் கையைச் சட்டையிலிருந்து எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டார். எண்ணாமல், "சுத்திக்கிட்டு வரும்ளா" என்றார். பஸ் ஏறினார். திரையை மூடினார்கள்.

சாயங்காலம் தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தது. பதில் திட்டமிட்ட பாதையில் சேர்ந்துவிட்டதாம். ஒன்பது நாளுக்கு ஒருமுறை, காலை ஏழே முக்காலுக்கு ஓடைவிளைக்கு மேலே போகுமாம். குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் அவள் உப்பளத்தில் பாத்தி நடுவே பலகையோடு நின்றாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏழே முக்காலுக்கு வடக்கேயிருந்து பதில் வந்தது. ரொம்ப உயரம்தான், ஆனால் அவருடைய குரல், கொஞ்சம் கரகரவென்று.

"உங்க அக்கா என்னைய நிமிந்தே பாக்கல. நீதான் கதவிடுக்குல நின்னுக்கிட்டு, நான் தெரு முக்குத் திரும்புத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்த."

அவ்வளவுதான். தெற்கே கடலுக்கு மேல் போய்விட்டது. சந்தனமாரி முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு அழுதாள். சிரிப்பும் வந்தது. அண்ணாந்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்: "ஆமா, பாத்தேன்! இன்னும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்! இதைச் சொல்ல இத்தனை நாளாக்கும்?"

அவள் எண்ணாமல் சொன்னதால் அது மேலே போகவில்லை. ஆளுயரம் எழும்பி, பொத்தென்று பாத்தியிலேயே விழுந்தது. அவள் பலகையைப் போட்டு அதை ஓரத்துக்கு இழுத்து, வரப்பில் ஏற்றினாள். ஈரமாக இருந்ததால் நல்ல கனம். நாலு நாள் காயட்டும் என்று மேலே ஓலையைப் போட்டு மூடிவிட்டு, அடுத்த பாத்திக்குப் போனாள்.